முழுக்கவனப் பயிற்சி (சிறுவர், பதின்வயதினர்)

இந்த நொடியில் நடப்பதை நல்லது, கெட்டது என்று எடைபோடாமல் கவனித்துப் பழகும் மனப்பயிற்சி. மைண்ட்ஃபுல்னெஸ் என்றும் வழங்கும். பௌத்தத் தியான மரபில் வேர்கொண்ட இதை ஜான் கபாட்-சின் 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் நோயாளிகளுக்கான பயிற்சியாக வடிவமைத்தார். பின்னர் பள்ளிகளுக்கும் பரவியது.

முறை: சிறு குழந்தையைப் படுக்கவைத்து, வயிற்றின்மேல் ஒரு பொம்மையை வைப்பார்கள். மூச்சோடு அது ஏறி இறங்குவதைக் குழந்தை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பெரிய பிள்ளைகள் ஓர் உலர்திராட்சையை உற்றுப் பார்த்து, முகர்ந்து, மெதுவாக மென்று சுவைப்பதும் உண்டு. சில நிமிடங்களே போதும்.

பயன்: அலையும் மனத்தைத் திருப்பிக் கொண்டுவரும் பழக்கம் ஏற்படுகிறது. கோபமோ தேர்வுப் பயமோ எழும்போது உடனே பொங்காமல் சற்று நிதானிக்க உதவுகிறது. ஆய்வுகளில் கவனம், மன அழுத்தம் ஆகியவற்றில் தெரிந்த முன்னேற்றம் பெரும்பாலும் சிறிய அளவினதே.

வரம்பு: பிரிட்டனில் 85 பள்ளிகளில் 8,000க்கும் மேற்பட்ட மாணவரிடம் நடந்த மிரியட் ஆய்வின் முடிவு 2022இல் வெளியானது. வழக்கமான சமூக, உணர்வுநலப் பாடங்களைவிட இப்பயிற்சி மேலானதென்று அதில் தெரியவில்லை. பல மாணவர்கள் வீட்டில் பயிற்சி செய்யவுமில்லை. கடும் மனச்சோர்வுக்கு இது சிகிச்சைக்கு மாற்றாகாது.

இந்தியாவில்: டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018 ஜூலையில், நர்சரி முதல் 8ஆம் வகுப்புவரை தொடங்கப்பட்ட மகிழ்ச்சிப் பாடத்திட்டத்தில் இப்பயிற்சி இடம்பெற்றது.