அமிர்தலிங்கம், அ.: எதிர்க்கட்சித் தலைமையும் அதன் மதிப்பீடுகளும்

அப்பாப்பிள்ளை அமிர்தலிங்கம் (1927–1989) 1977 ஆகஸ்ட் முதல் 1983 அக்டோபர் வரை இலங்கைப் பாராளுமன்றத்தின் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தார். அப்பதவியை வகித்த முதல் தமிழர் அவரே. தனிநாடு கேட்டு வாக்குப் பெற்ற ஒருவர், அந்த நாட்டின் சபையிலேயே மாற்று அரசாங்கத்தின் தலைவருக்குரிய ஆசனத்தில் அமர்ந்தார். அவரை எடைபோட்ட எல்லாத் தரப்பும் இந்த முரணிலிருந்தே தொடங்கின.

பண்ணாகத்தில் பிறந்த அவர் 1956 முதல் வட்டுக்கோட்டைத் தொகுதியின் உறுப்பினர். 1970இல் அங்கே தமிழ்க் காங்கிரஸ் வேட்பாளர் ஆ. தியாகராசாவிடம் தோற்றார். 1976 மே மாதம் தனிநாடு கோரும் வட்டுக்கோட்டைத் தீர்மானம் நிறைவேறியது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் தமிழர் தலைவர் செல்வநாயகம் மறைந்தார். ஜூலைத் தேர்தலில் 168 ஆசனங்களில் ஐக்கிய தேசியக் கட்சி 140ஐ வென்றது. சுதந்திரக் கட்சி எட்டாகச் சுருங்கியது. தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடங்களுடன் இரண்டாவது பெரிய கட்சியாயிற்று. காங்கேசன்துறையில் வென்ற அமிர்தலிங்கத்துக்கு எதிர்க்கட்சித் தலைவர் பதவி அவ்வாறு வந்து சேர்ந்தது.

அத்தேர்தலுக்கு முன்பே, 1974 ஜூன் 5இல், உரும்பிராயில் பிறந்த இளம் போராளி பொன். சிவகுமாரன் சயனைட் அருந்தி உயிர்விட்டிருந்தார். அந்தச் சாவுக்குப் பின் வந்த இளைஞர்கள் கூட்டணி மேடைகளில் விரலைக் கீறித் தலைவர்களுக்கு இரத்தத் திலகம் இட்டனர். அமிர்தலிங்கத்தைத் ‘தளபதி’ என்றனர். அவருடைய மனைவி மங்கையர்க்கரசி மேடையில் பாடிய பாட்டுகளை அக்காலத்தவர் பேச்சுகளைவிடத் தெளிவாக நினைவுகூர்வதுண்டு. தளபதி என்று அழைத்தவர்களே பின்னர் அச்சொல்லை அளவுகோலாக வைத்து அவரை அளந்தனர்.

அவர் பதவியேற்ற முதல் இரண்டு ஆண்டுகளில் தமிழருக்கு எதிரான 1977 ஆகஸ்ட் வன்முறை, அதை ஆராய்ந்த சன்சோனி ஆணைக்குழு, 1978 அரசியலமைப்பு, 1979 பயங்கரவாதத் தடைச் சட்டம் என்பன அடுத்தடுத்து வந்தன.

1981 பற்றியே மிகுதியான பதிவுகள் உள்ளன. முந்திய ஆண்டின் சட்டப்படி அமையவிருந்த மாவட்ட அபிவிருத்தி சபைகளைக் கூட்டணித் தலைமை ஏற்றது. அதிகாரம் அற்ப சொற்பம் என்று கூட்டணிக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. ‘சுதந்திரன்’ ஆசிரியர் கோவை மகேசன் போன்றோர் பகிரங்கமாகக் கண்டித்தனர், பிளவும் நேர்ந்தது. மே 24இல் ஐக்கிய தேசியக் கட்சியின் வேட்பாளராக நின்ற தியாகராசா, அமிர்தலிங்கத்தை 1970இல் வென்ற அதே தியாகராசா, சுடப்பட்டார். மே 31இல் நாச்சிமார் கோயிலடிக் கூட்டத்தில் பொலிஸார் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து கூட்டணி அலுவலகமும், ஈழநாடு அச்சகமும், ஏறத்தாழ 97,000 நூல்களோடு யாழ்ப்பாணப் பொது நூலகமும் எரிந்தன. ஜூன் 4 வாக்கெடுப்பில் யாழ்ப்பாண சபையின் பத்து இடங்களும் கூட்டணிக்கே கிடைத்தன.

ஜூலையில் ஆளுங்கட்சி உறுப்பினர்கள் எதிர்க்கட்சித் தலைவர் மீது நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவந்தனர். நம்பிக்கை இழந்தால் பதவி இழப்பது அரசாங்கம். எதிர்க்கட்சித் தலைவர் ஆளுங்கட்சியின் நம்பிக்கையால் பதவியில் இருப்பவரல்லர். ஆகவே சட்ட விளைவு ஏதுமற்ற பிரேரணை அது. ஆயினும் சபாநாயகர் அதை அனுமதித்தார். அமிர்தலிங்கத்தைப் பழங்காலக் கொடுந்தண்டனைகளுக்கு உள்ளாக்கவேண்டும் என்ற பேச்சுகளும் சபையில் எழுந்தன. கூட்டணி வெளிநடப்புச் செய்தது, பிரேரணை நிறைவேறியது, அமிர்தலிங்கம் பதவியில் தொடர்ந்தார். ஓர் எதிர்க்கட்சித் தலைவரின் பணி சபையில் இவ்வளவு வெளிப்படையாக மதிப்பிடப்பட்டது அரிது. அந்த மதிப்பீடு அவரைப் பற்றிச் சொல்வதைவிடச் சபையைப் பற்றிச் சொல்வது அதிகம்.

அவர் அரசாங்கத்துடன் பேசியது காலம் கடத்த இடங்கொடுத்ததா, பெரும் வன்முறையைத் தள்ளிப்போட முயன்றதா என்பதில் கருத்து ஒருமைப்படவில்லை. பதவிக்குரிய வாகனமும் வசதிகளும் அவரை யாழ்ப்பாணத்து இளைஞரிடமிருந்து பிரித்தன என்பது விமர்சகர் வாதம். வெளிநாட்டுத் தூதரகங்களுக்கும் புதுடில்லிக்கும் தமிழர் குறைகளைக் கொண்டுசெல்ல அப்பதவியே வாயிலாயிற்று என்பது ஆதரவாளர் மறுமொழி. இரண்டுக்கும் இடமுண்டு, பேச்சுவார்த்தைகளில் கிடைத்தது சொற்பம் என்பதைப் பின்னவரும் பெரிதாக மறுப்பதில்லை.

1982 டிசம்பர் சர்வசன வாக்கெடுப்பு பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டியது. 1983 ஜூலை வன்முறைக்குப் பின் ஆகஸ்டில் வந்த ஆறாவது திருத்தம் பிரிவினையைக் கைவிடும் சத்தியப்பிரமாணத்தைக் கேட்டது. கூட்டணியினர் மறுத்து ஆசனங்களை இழந்தனர். 1989இல் அமிர்தலிங்கம் மட்டக்களப்பில் தோற்றுத் தேசியப் பட்டியல் வழியாகச் சபைக்குத் திரும்பினார். ஜூலை 13இல் கொழும்பில் வெ. யோகேஸ்வரனோடு சுட்டுக் கொல்லப்பட்டார்.

அவருக்குப் பின் இப்பதவிக்கு வந்த தமிழர் இரா. சம்பந்தன் (2015–2018). 16 உறுப்பினர்களைக் கொண்ட தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு எதிரணியில் இருந்தபடியே வரவுசெலவுத் திட்டங்களை ஆதரித்தது. எதிர்க்கட்சித் தலைவருக்கு அது தகுமா என்ற கேள்வி எழுந்தது. 2018 டிசம்பரில் பதவி மகிந்த ராஜபக்சவுக்கு மாறியது.