ட்ரங்க் காலும் டாக்குரூப்பும்

கடலூரில் அறுபது வயதைத் தாண்டிய யாரிடமாவது 'ட்ரங்க் கால்' என்று சொல்லிப் பாருங்கள். ஒரு பெருமூச்சு வரும். சிதம்பரம் ஏறக்குறைய 45 கிலோமீட்டர்தான். ஆனாலும் அந்தக் காலத்தில் நேராக டயல் செய்துவிட முடியாது. எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்லி, புக் செய்து, மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று வகைகள் வேறு. லைட்னிங்குக்குக் காசு பல மடங்கு!

ஏன் இந்தக் காத்திருப்பு? இரண்டு ஊரிலும் டெலிபோன்கள் நிறைய இருக்கலாம், நடுவில் ஓடும் கம்பிகள் கொஞ்சம். எந்தக் கம்பி காலியோ அதை ஆபரேட்டர் எடுத்துக் கொடுப்பார். பேசுகிறவருக்கு அது எத்தனையாவது கம்பி என்று தெரியாது, தெரியவும் வேண்டாம். பலரும் பங்கு போட்டுக்கொள்ளும் இந்தப் பொதுக் கம்பிக்குத்தான் 'ட்ரங்க்' என்று பெயர். எத்தனை பேருக்கு எத்தனை கம்பி போதும் என்பதற்கு டென்மார்க்கின் எர்லாங் 1917-லேயே சூத்திரம் எழுதிவிட்டார். இந்தியாவில் ஆபரேட்டர் இல்லாத எஸ்.டி.டி. முதலில் வந்தது 1960-ல், கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையில்.

வயர்லெஸ் மட்டும் வெகுகாலம் பழைய வழியிலேயே போனது. ஒவ்வொரு துறைக்கும் ஒரு சேனல். ஒன்றில் பேச்சு நெரியும்போது பக்கத்துச் சேனல் சும்மா கிடக்கும், ஆனால் எடுத்துக்கொள்ள முடியாது. 1970-களின் கடைசியில் அமெரிக்காவில் அந்தப் பழைய ஆபரேட்டரின் வேலையைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தார்கள். அதுதான் ட்ரங்கிங். பிறகு பிரிட்டனில் 1988-ல் எம்.பி.டி. 1327, ஐரோப்பாவில் 1990-களின் நடுவில் டெட்ரா என்று தரநிலைகள் வந்தன. தில்லி மெட்ரோவின் ரயில் ஓட்டுநர்கள் பேசுவது டெட்ராவில்தான்.

இது எப்படி வேலை செய்கிறது? ஒரு கற்பனை. கடலூரில் ஐந்து சேனல் உள்ள ஒரு ட்ரங்கிங் கோபுரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சேனல் கண்ட்ரோலுக்கு. அதில் பேச்சே கிடையாது, தகவல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். தீயணைப்பு வண்டிக்காரர் மைக்கின் பொத்தானை அழுத்துகிறார். அவருடைய செட் கண்ட்ரோல் சேனலில் இடம் கேட்கிறது. 'மூன்றாவது காலி, போ' என்று பதில் வருகிறது. அதே குழு எண் உள்ள எல்லா செட்டும் அந்த நொடியே மூன்றாவது சேனலுக்குத் தாவுகின்றன. அடுத்தவர் பதில் சொல்லும்போது அது ஐந்தாவது சேனலாக இருக்கலாம். அந்தக் குழு எண்தான் டாக்குரூப். அது அலைவரிசை இல்லை, யார் யாரோடு பேசலாம் என்ற பட்டியல்.

அதனால்தான் பழைய ஸ்கேனர்கள் திணறின. மூன்றாவது சேனலில் கேள்வி கேட்கும், பதில் காணாமல் போய்விடும். 1997-ல் யுனிடென் கம்பெனி கண்ட்ரோல் சேனலைப் படித்துக் குழுவின் பின்னாலேயே ஓடும் ஸ்கேனரைக் கொண்டுவந்தது.

பலரும் குழம்புவது இன்னொரு இடத்தில், அதாவது 'சைட்' என்பதில். சைட் என்றால் கோபுரம் நிற்கும் இடமும் அதன் அலைவரிசைகளும். நம் கற்பனையில் சிதம்பரத்தில் இன்னொரு கோபுரம் வைப்போம். டாக்குரூப் எண் இரண்டு ஊரிலும் ஒன்றே, அலைவரிசைகள் வேறு. கடலூர் சைட்டை ஸ்கேனரில் ஏற்றிவிட்டுச் சிதம்பரம் கீழவீதியில் நின்றால் ஒன்றும் கேட்காமல் போகலாம். சிதம்பரம் சைட்டை ஏற்றினாலும் அந்தக் குழுவின் செட் ஒன்றாவது அங்கே பதிவாகியிருந்தால்தான் பல அமைப்புகளில் பேச்சு அந்தக் கோபுரத்துக்கே வரும். ஆள் இல்லாத ஊரில் சேனலை வீணாக்குவானேன்?

(நம் ஊரில் போலீஸ் வயர்லெஸ்ஸை ஒட்டுக்கேட்பது குற்றம். 1885 தந்திச் சட்டம், 1933 வயர்லெஸ் சட்டம், இப்போது 2023 தொலைத்தொடர்புச் சட்டம். அதனால் இதெல்லாம் புரிந்துகொள்ள மட்டும்!)

குழுவில் யார் இருக்கிறார் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இந்தக் கடற்கரை 2004 டிசம்பர் 26 அன்று பார்த்தது. காலை 6.29-க்கு சுமத்ரா அருகே பூகம்பம். எட்டு மணிக்கு முன்பே கார் நிகோபார் விமானப்படைத் தளத்திலிருந்து தாம்பரத்துக்குச் செய்தி வந்துவிட்டது, தீவு மூழ்குகிறது என்று. விமானப்படைத் தளபதி கிருஷ்ணசாமியே பிறகு இதைச் சொன்னார். ஆக வயர்லெஸ் வேலை செய்தது. ஆனால் தேவனாம்பட்டினமும் எம்.ஜி.ஆர். திட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. வானிலைத் துறை 8.54-க்கு அனுப்பிய ஃபேக்ஸ், ஆட்சி மாறி ஏழு மாதமாகியும், பழைய அறிவியல் அமைச்சரின் வீட்டுக்குப் போனதாகப் பத்திரிகைகள் எழுதின. குழு எண் தப்பாகப் போட்ட செட் போல. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள்.

கடலூருக்குச் சற்று வடக்கே, புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு கிராமத்தில் நடந்தது வேறு. அந்த ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவியோடு நடந்த அறிவு மையத்தில் ஒலிபெருக்கி இருந்தது. மையத்தைத் திறந்து ஊருக்கே அறிவித்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின, ஜனங்கள் பிழைத்தார்கள். ஒரு போன், ஒரு ஒலிபெருக்கி, அவ்வளவுதான். ஆனால் கேட்க வேண்டியவர்கள் எல்லோரும் அந்த ஒலிபெருக்கியின் எல்லைக்குள் இருந்தார்கள்.

2007-ல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்தது. இந்தமுறை அடிவாங்கியது சைட். மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. கரண்ட் இல்லாமல் செல்போன் கோபுரங்களும் ஊமையாயின. கோபுரம் ஊமையானால் குழுப் பட்டியல் எவ்வளவு சரியாக இருந்தும் புண்ணியமில்லை. டெட்ராவை உருவாக்கியவர்கள் இதற்காகவே நேரடிப் பேச்சு என்ற வசதியை வைத்திருக்கிறார்கள். கோபுரம் இல்லாமலே ஒரு செட் இன்னொரு செட்டோடு பேசும், பழைய வாக்கி டாக்கி மாதிரியே. என்ன, எட்டுவது சில கிலோமீட்டர்தான். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு எட்டாது.