பெற்றோரின் இடத்தில் ஆசிரியர்: பள்ளிகளில் உடல்தண்டனை ஒழிப்புச் சட்டங்களின் வரலாறு

முன்னுரை

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் நாளன்று, “கண் இரண்டை மட்டும் விட்டுவிடுங்கள் ஐயா, மற்றபடி எப்படி வேண்டுமானாலும் அடித்துத் திருத்துங்கள்” என்று ஆசிரியரிடம் சொல்லிச் செல்லும் தந்தையைத் தமிழ்ச் சமூகம் நன்கறியும். தமிழ்ப்பள்ளிகளில் பயின்ற மூத்த தலைமுறையினர் பலர் இக்கூற்றை இன்றும் புன்முறுவலோடு நினைவுகூர்வதை நாம் கேட்டிருக்கிறோம். ஆசிரியர்மீது அத்தந்தை கொண்டிருந்த நம்பிக்கை அதில் வெளிப்படுகிறது. எனினும், அக்கூற்றினுள் ஒரு சட்டக் கருத்தும் பொதிந்துள்ளது. பிள்ளையின் உடல்மீது தந்தைக்கு ஓர் அதிகாரம் உண்டு. அவ்வதிகாரத்தை அவர் விரும்பினால் மற்றொருவரிடம் ஒப்படைக்கலாம் என்பதே அக்கருத்து.

ஆங்கிலப் பொதுச்சட்டமும் இதே கருத்தை நெடுங்காலம் போற்றி வந்துள்ளது. அச்சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில் உடல்தண்டனையை ஒழிப்பதற்கு நிகழ்ந்த வழக்குகளையும் சட்டத் திருத்தங்களையும் நோக்குங்கால், அவை பெரும்பாலும் இவ்வொரு கருத்தைச் சுற்றியே அமைந்திருப்பதைக் காணலாம். அடிக்கும் உரிமை யாருடையது? அதனை வழங்கவும் மறுக்கவும் உரியவர் யார்? இவ்வினாக்களுக்கு நீதிமன்றங்களும் நாடாளுமன்றங்களும் அளித்த விடைகள் எவ்வாறு மாறி வந்தன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒப்படைக்கப்பட்ட அதிகாரம்

ஆங்கிலச் சட்ட அறிஞர் வில்லியம் பிளாக்ஸ்டன், 1765ஆம் ஆண்டு வெளிவரத் தொடங்கிய தம் சட்ட விளக்கவுரை நூலில், தந்தை தம் அதிகாரத்தின் ஒரு பகுதியை ஆசிரியரிடம் ஒப்படைக்கலாம் என்றும், அந்நிலையில் ஆசிரியர் பெற்றோரின் இடத்தில் நிற்கிறார் என்றும் எழுதினார். ‘இன் லோகோ பேரன்டிஸ்’ என்னும் இலத்தீன் தொடரால் இக்கோட்பாடு வழங்கப்படுகிறது.

இக்கோட்பாட்டின் எல்லையை 1860ஆம் ஆண்டில் ஒரு துயர நிகழ்வு சோதித்தது. இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்ன் நகரில் பள்ளி நடத்திய தாமஸ் ஹோப்லி என்னும் ஆசிரியர், படிப்பில் பின்தங்கியிருந்த ரெஜினால்ட் கான்செலர் என்னும் மாணவனைக் கண்டிக்க எண்ணி, அவனுடைய தந்தைக்குக் கடிதம் எழுதி இசைவு பெற்றார். பின்னர் ஓரிரவு அவனை நெடுநேரம் அடித்தார். அச்சிறுவன் இறந்தான். கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்திற்காக ஹோப்லிக்கு நான்காண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது.

அவ்வழக்கில் தலைமை நீதிபதி காக்பர்ன் வகுத்துரைத்த நெறி பின்னர் நிலைபெற்றது. பெற்றோரும், பெற்றோரின் அதிகாரத்தைப் பெற்ற ஆசிரியரும் பிள்ளையைத் திருத்தும்பொருட்டு மிதமான, நியாயமான உடல்தண்டனை வழங்கலாம்; சினத்தாலோ அளவுகடந்தோ தகாத கருவியாலோ அடிப்பின் அது குற்றமாகும் என்பதே அந்நெறி. ஓர் ஆசிரியரைச் சிறைக்கு அனுப்பிய அதே தீர்ப்பு, ஏனைய ஆசிரியர்களுக்கு நூற்றாண்டுக்கும் மேலாகக் கேடயமாக விளங்கியது. அடிக்கலாமா என்னும் வினா மறைந்து, எவ்வளவு அடிக்கலாம் என்னும் வினாவே நீதிமன்றங்களில் எஞ்சியது.

அதே 1860ஆம் ஆண்டில்தான் இந்தியத் தண்டனைச் சட்டமும் நிறைவேறியது. பன்னிரண்டு வயதிற்குட்பட்ட பிள்ளையின் நன்மைக்காக, காப்பாளரோ காப்பாளரின் இசைவு பெற்ற ஒருவரோ நல்லெண்ணத்துடன் செய்யும் செயல், சில வரம்புகளுக்கு உட்பட்டுக் குற்றமாகாது என்று அதன் 89ஆம் பிரிவு கூறியது. நீரிணைக் குடியேற்றங்களில் 1871ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தண்டனைச் சட்டம் இந்தியச் சட்டத்தையே முன்மாதிரியாகக் கொண்டமையால், மலேசிய, சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டங்களிலும் இப்பிரிவு இடம்பெற்றுள்ளது. எனவே, தந்தையின் இசைவு என்னும் கருத்து நம் மண்ணில் வழக்காறாக மட்டுமின்றிச் சட்டமாகவும் வேரூன்றியது எனலாம்.

இசைவை மறுத்த தாய்மார்

ஒப்படைக்கப்பட்ட அதிகாரம் எனில், அதனை ஒப்படைக்க மறுக்கவும் இயலுமன்றோ? இவ்வினாவை இருபதாம் நூற்றாண்டின் எழுபதுகளில் அட்லாண்டிக் பெருங்கடலின் இரு கரைகளிலும் தாய்மார் எழுப்பினர்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், தம் மகனை அடிக்கலாகாது என்று ஒரு தாய் பள்ளிக்கு முன்னரே தெரிவித்திருந்தார். ஆயினும் பள்ளி அவனை அடித்தது. வழக்கை விசாரித்த நீதிமன்றம், பெற்றோர் மறுத்தாலும் பள்ளி தண்டிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றமும் 1975இல் அதனை உறுதிசெய்தது. ஈராண்டு கழித்து, புளோரிடா மாநிலத்தில் மரப்பலகையால் இருபது முறைக்கு மேல் அடிக்கப்பட்ட பதினான்கு வயது மாணவனின் வழக்கில், கொடிய தண்டனையைத் தடைசெய்யும் அரசமைப்புத் திருத்தம் பள்ளிகளுக்குப் பொருந்தாது என ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாக உச்ச நீதிமன்றம் முடிவுசெய்தது. கட்டாயக் கல்விச் சட்டம் நிலவும் காலத்தில் பெற்றோர் தாமே முன்வந்து அதிகாரத்தை ஒப்படைக்கின்றனர் என்று கொள்வது பொருந்தாது என்பதை அத்தீர்ப்பு ஒப்புக்கொண்டது. ஆயின், அதனினின்று அது பெற்ற முடிவு வேறு. அடிக்கும் அதிகாரம் அரசுக்கே நேரடியாக உண்டு என அது கருதியது. நியூ ஜெர்சி மாநிலம் 1867இலேயே பள்ளிகளில் உடல்தண்டனையைத் தடைசெய்திருந்தும், தென்மாநிலங்கள் பலவற்றில் அது இன்றும் அனுமதிக்கப்படுவதற்கு இத்தீர்ப்பு இடமளித்துள்ளது.

ஸ்காட்லாந்தில் வரலாறு வேறு திசையில் சென்றது. அங்குள்ள பள்ளிகளில் தோல்வாரால் உள்ளங்கையில் அடிப்பது வழக்கமாக இருந்தது. தம் மகனை அவ்வாறு அடிப்பதில்லை என்று உறுதியளிக்குமாறு கிரேஸ் கேம்பல் என்னும் தாய் கேட்டார். கல்வி அதிகாரிகள் மறுத்தனர். மற்றொரு தாயாகிய ஜேன் கோசன்ஸின் மகன், தடைசெய்யப்பட்ட குறுக்குவழியில் வீடு திரும்ப முயன்றதற்காக 1976இல் தோல்வாரடிக்கு அழைக்கப்பட்டான். தந்தையின் அறிவுரைப்படி அவன் அத்தண்டனையை ஏற்க மறுத்தமையால் பள்ளியினின்று விலக்கி வைக்கப்பட்டான். அதன்பின் அவன் பள்ளிக்குத் திரும்பவேயில்லை. இவ்விரு சிறுவர்களும் பள்ளியில் ஒருமுறையும் தோல்வாரடி பெற்றதில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இத்தாய்மாரின் வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1982ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள் தீர்ப்பளித்தது. பிள்ளைகள் இழிவுக்கு உள்ளாக்கப்பட்டனர் என்னும் வாதத்தை அது ஏற்கவில்லை. பெற்றோரின் ஆழ்ந்த கொள்கைக்கு மாறாக அரசு கல்வி வழங்கலாகாது என்னும் அடிப்படையிலேயே தாய்மார் வென்றனர். கோசன்ஸின் மகனுக்குக் கல்வி மறுக்கப்பட்டதும் தவறு என நீதிமன்றம் கண்டது; ஆனால் அதற்கும் பெற்றோரின் கொள்கையே அடிப்படையாயிற்று. ஆக, பிரம்பைத் தடுத்தது பிள்ளையின் உரிமையன்று, பெற்றோரின் உரிமையே.

ஒரே வகுப்பில் இருவகை மாணவர்

இத்தீர்ப்பைச் செயற்படுத்தப் பிரிட்டிஷ் அரசு 1985இல் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தது. மறுப்புத் தெரிவிக்கும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு மட்டும் உடல்தண்டனையிலிருந்து விலக்கு அளிப்பது அதன் கருத்து. தர்க்கப்படி இது பிழையற்றது, நடைமுறையில் பொருந்தாதது. ஒரே குற்றத்தை இணைந்து செய்த இரு மாணவருள் ஒருவன் அடிபடுவான். மற்றவன் தன் தந்தையின் கையொப்பத்தால் தப்புவான். பெற்றோரின் உரிமை என்னும் அடித்தளத்தின் மீது நீதியான பள்ளி ஒழுங்கைக் கட்டியெழுப்ப இயலாது என்பது அப்போது வெளிப்பட்டது. பிரபுக்கள் அவை முழுத் தடையை வலியுறுத்தவே, அரசு அம்மசோதாவைக் கைவிட்டது.

அடுத்த ஆண்டு, 1986 ஜூலை 22ஆம் நாள், கல்விச் சட்டத் திருத்தம் ஒன்றின்மீது மக்களவையில் வாக்கெடுப்பு நிகழ்ந்தது. தடைக்கு ஆதரவாக 231 வாக்குகளும் எதிராக 230 வாக்குகளும் விழுந்தன. ஒரே வாக்கு வேறுபாட்டில் அரசுப் பள்ளிகளில் பிரம்படி முடிவுக்கு வந்தது. அத்தடை 1987 ஆகஸ்ட் மாதம் நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் தனியார் பள்ளிகளுக்கு அது விரிவடைய 1999ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பிள்ளையின் சொந்த உரிமை

இதற்கிடையே சுவீடன் நாடு சிக்கலின் வேரையே அணுகியிருந்தது. தொடக்கப் பள்ளிகளில் 1958இல் உடல்தண்டனையைத் தடைசெய்த அந்நாடு, 1979இல் பெற்றோரும் பிள்ளைகளை அடிக்கலாகாது எனச் சட்டம் இயற்றி, உலகில் அவ்வாறு செய்த முதல் நாடாயிற்று. தன்னிடம் இல்லாத ஒன்றை ஒருவர் பிறரிடம் ஒப்படைக்க இயலாது. பெற்றோருக்கே அவ்வுரிமை இல்லையெனின், ஆசிரியர் பெற்றோரின் இடத்தில் நிற்பதால் பெறுவது ஏதுமில்லை.

ஐக்கிய நாடுகள் அவை 1989ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, இக்கருத்தை அனைத்துலக நிலைக்கு உயர்த்தியது. எவருடைய பராமரிப்பில் இருப்பினும் குழந்தை வன்முறையினின்று காக்கப்பட வேண்டும் என அதன் 19ஆம் விதியும், பள்ளி ஒழுங்கு குழந்தையின் மனித மாண்புக்கு இயைந்ததாக இருத்தல் வேண்டும் என 28ஆம் விதியும் கூறுகின்றன. எனினும் மாற்றம் உடனே நிகழ்ந்துவிடவில்லை. இங்கிலாந்தின் தனியார் பள்ளியொன்றில் தலைமையாசிரியர் ஏழு வயதுச் சிறுவனை இரப்பர்க் காலணியால் மும்முறை அடித்த வழக்கில், அது இழிவுபடுத்தும் தண்டனை ஆகாது என ஐரோப்பிய நீதிமன்றம் 1993இல் ஐந்துக்கு நான்கு என்னும் கணக்கில் முடிவுசெய்தது.

திருப்பம் 2000ஆம் ஆண்டில் தெளிவாகப் புலப்பட்டது. தென்னாப்பிரிக்கா 1996ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டத்தால் உடல்தண்டனையைத் தடைசெய்திருந்தது. கிறித்துவத் தனியார் பள்ளிகளின் கூட்டமைப்பு ஒன்று, தம் சமய நம்பிக்கையின்படி பெற்றோர் அடிக்கும் அதிகாரத்தை ஆசிரியருக்கு வழங்க அனுமதிக்க வேண்டும் என வழக்குத் தொடுத்தது. ஸ்காட்லாந்துத் தாய்மார் எந்த உரிமையால் பிரம்பைத் தடுத்தனரோ, அதே உரிமை இப்போது பிரம்பை மீட்பதற்குப் பயன்படுத்தப்பட்டது. அரசமைப்பு நீதிமன்றம் இக்கோரிக்கையை மறுத்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஆல்பி சாக்ஸ், பிள்ளைகளின் மாண்பையும் பாதுகாப்பையும் முன்னிறுத்தியதோடு, அவ்வழக்கில் பிள்ளைகளின் சார்பில் பேச எவருமில்லாத குறையையும் சுட்டிக்காட்டினார்.

அதே ஆண்டு டிசம்பர் முதல் நாள், டில்லி உயர் நீதிமன்றம் உடல்தண்டனையை அனுமதித்த டில்லிப் பள்ளிக் கல்வி விதியைச் செல்லாது என அறிவித்தது. பிள்ளைகள் அச்சமின்றி, மாண்புடன் கற்க உரிமையுடையவர்கள் என்பதே அத்தீர்ப்பின் சாரம். பின்னர் இந்தியா முழுமைக்கும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடல்தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடைசெய்தது.

இங்கிலாந்திலும் சமயச் சார்புடைய பள்ளிகளின் ஆசிரியர்களும் பெற்றோரும் தொடுத்த இதையொத்த வழக்கைப் பிரபுக்கள் அவை 2005இல் தள்ளுபடி செய்தது. நீதிபதி பேரனஸ் ஹேலும் தம் தீர்ப்புரையில், இது குழந்தைகளைப் பற்றிய வழக்காக இருந்தும் அவர்களுக்காகப் பேச எந்த நீதிமன்றத்திலும் எவரும் இல்லை என்று குறிப்பிட்டார். இருவேறு கண்டங்களில், இரு நீதிபதிகள் ஒரே வெற்றிடத்தைக் கண்டனர்.

மலேசியாவும் சிங்கப்பூரும்

இன்று 130க்கும் மேற்பட்ட நாடுகள் பள்ளிகளில் உடல்தண்டனையைச் சட்டத்தால் தடைசெய்துள்ளன. மலேசியாவும் சிங்கப்பூரும் அப்பட்டியலில் இல்லை. நாம் ‘ரோத்தான்’ என வழங்கும் பிரம்பு இவ்விரு நாடுகளிலும் ஒழிக்கப்படவில்லை, விதிகளால் வரையறுக்கப்பட்டுள்ளது. மலேசியாவில் 1959ஆம் ஆண்டுப் பள்ளிக் கட்டொழுங்கு விதிமுறைகளும், சிங்கப்பூரில் கல்விச் சட்டத்தின்கீழ் அமைந்த விதிமுறைகளும் மாணவியருக்குப் பிரம்படி வழங்குவதைத் தடுக்கின்றன. மாணவருக்கு உள்ளங்கையிலோ உடையின்மீது பிட்டத்திலோ மெல்லிய பிரம்பால் அடிப்பதை அனுமதிக்கின்றன. இரு நாடுகளும் 1995இல் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை ஏற்றன. குழந்தையின் நலன் கருதி அளவறிந்து வழங்கும் உடல்தண்டனையை அவ்வுடன்படிக்கை தடுக்கவில்லை என்பது தன் கருத்து எனச் சிங்கப்பூர் அப்போதே அறிவித்தது.

அளவறிதல் என்னும் இச்சிந்தனை, 1860ஆம் ஆண்டு நீதிபதி காக்பர்ன் வகுத்த நெறியின் நேரடி வழித்தோன்றலே என நாம் கருதுகிறோம். அந்நெறி பிறந்த நாட்டின் பள்ளிகள் அதனைக் கைவிட்டுவிட்டன. அதனைக் கடன்பெற்ற நம் நாடுகளில் அது இன்றும் ஆசிய மரபு என்னும் பெயரில் போற்றப்படுவதுண்டு. நம் மரபிலும் அடி இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின், இன்றைய பள்ளி விதிகள் கூறும் அளவும் வரம்பும் ஆங்கிலச் சட்டத்தின் மொழியில் அமைந்தவை என்பதை ஆய்வாளர்கள் மறத்தலாகாது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், பள்ளிப் பிரம்பின் சட்ட வரலாறு மூன்று படிநிலைகளைக் கடந்து வந்துள்ளமை விளங்கும். முதற்படியில் பெற்றோர் அதிகாரத்தை வழங்கினர். இரண்டாம் படியில் பெற்றோர் அதனை மறுத்தனர். மூன்றாம் படியில், அது பெற்றோர் வழங்கவோ மறுக்கவோ உரிய பொருளன்று, பிள்ளையின் மாண்பு பற்றியது எனச் சட்டம் உணர்ந்தது. சட்டம் மாறிய நாடுகள் அனைத்திலும் அடி முற்றாக நின்றுவிட்டது என்று கூறவியலாது. ஆயினும், அடிபட்ட பிள்ளை அங்கு முறையிட்டால், “எவ்வளவு அடித்தார்?” என்று சட்டம் கேட்பதில்லை. அம்மாற்றம் சிறிதன்று.

முன்னுரையில் குறிப்பிட்ட தந்தையை மீண்டும் எண்ணிப் பார்ப்போம். கண்ணை மட்டும் விட்டுவிடுமாறு அவர் ஆசிரியரிடம் சொன்னபோது, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளையும் அருகில் நின்றிருக்கும். அப்பிள்ளையின் கருத்தை இருவருமே கேட்கவில்லை. தன்னைப் பற்றிய முடிவுகளில் தன் கருத்தைக் கூறும் உரிமை குழந்தைக்கு உண்டு என்கிறது உடன்படிக்கையின் 12ஆம் விதி. நம் நாடுகளில் இவ்விதிமுறைகள் மறுஆய்வுக்கு வரும்போது, பெற்றோரையும் ஆசிரியரையும் கேட்பதோடு நில்லாமல் மாணவரையும் கேட்டல் வேண்டும் என்பதே நம் விழைவாகும்.