தொப்பூர் மேடும் கணினி கார்புரேட்டரும்

சேலத்திலிருந்து தருமபுரிக்குப் போகும் கார் தொப்பூர்க் கணவாயில் ஏறியாக வேண்டும். கார்புரேட்டர் காலத்தில் கலவையின் குறை அங்கே தெரிந்துவிடும். பெட்ரோல் குறைந்தால் இழுவை போகும், கூடினால் கரும்புகை வரும். மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்: வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, கரி படிந்தால் அதிகம், இளம்பழுப்பு சரி.

1981ல் ஜெனரல் மோட்டார்ஸ் இதைக் கணினியிடம் ஒப்படைத்தது. புகைக்குழாயின் ஆக்சிஜன் சென்சார் சொல்வதை வைத்து, கணினி கார்புரேட்டரின் சோலனாய்டை நொடிக்கு 10 முறை இயக்கி, காற்றையும் பெட்ரோலையும் எடையில் 14.7:1 என்ற அளவில் வைக்கும். இதைச் சோதிக்க உதவியது பழைய டுவெல் மீட்டர்தான் என்பது வேடிக்கை! 6 சிலிண்டர் அளவில் முள் 30 டிகிரியைச் சுற்றி ஆடினால் நலம். 54 பக்கம் ஒட்டிக்கொண்டால் பெட்ரோல் அதிகம், கணினி குறைக்கப் போராடுகிறது.

ஈயம் கலந்த பெட்ரோல் அந்தச் சென்சாரைக் கெடுத்துவிடும். ஈயமற்ற பெட்ரோல் 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு மாநகரங்களுக்கு வந்தது; நாடு முழுவதற்கும் 2000 பிப்ரவரியில். அதே சமயத்தில் மாருதி 800 ஃப்யூயல் இஞ்செக்ஷனுக்கே மாறிவிட்டது. அதுவரை தொப்பூர் மேட்டுக்கு மெக்கானிக்கின் கண்தான் சென்சார்.