சோஜி லாவில் டாங்கிகள்: குளிரில் எஞ்சின் ஏன் கிளம்ப மறுக்கிறது?

வேலூரை அடுத்த கம்மவான்பேட்டை, வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பர் என்று பெயர் பெற்ற ஊர். அங்கிருந்து வரும் என் மாணவர் ஒருவர், விடுமுறை முடிந்து வந்ததும் ஒரு கேள்வி கேட்டார். லடாக்கில் பணியாற்றிய அவருடைய பெரியப்பா, பழைய பெட்ரோல் வண்டிகளைக் காலையில் கிளப்புவதே பெரும்பாடு என்பாராம். "அந்தக் குளிரிலும் பெட்ரோல் உறையாது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். பிறகு ஏன் ஐயா எஞ்சின் கிளம்புவதில்லை?"

வாசகர்களே, இதற்கு விடை காண நாம் 1948ஆம் ஆண்டுக்குச் செல்வோம்.

காஷ்மீரப் பள்ளத்தாக்கையும் லடாக்கையும் இணைப்பது சோஜி லா கணவாய். அதன் உயரம் சுமார் 3,500 மீட்டர். அவ்வாண்டு அது பகைவர் கையில் இருந்தது. பாறை இடுக்குகளில் இயந்திரத் துப்பாக்கிகளை வைத்துக்கொண்டு அவர்கள் வழியை மறித்திருந்தனர். செப்டம்பரில் நம் காலாட்படை நடத்திய தாக்குதல் பலிக்கவில்லை. பனிக்காலம் முற்றினால் கணவாய் மூடிவிடும். லே நகரத்தைத் தரைவழியே எட்ட முடியாது. எனவே, அத்தனை உயரத்திற்கு டாங்கிகளைக் கொண்டுசெல்லத் துணிந்தார் தளபதி திம்மையா. 7ஆம் லைட் காவல்ரியின் ஸ்டூவர்ட் டாங்கிகள், மேல்கோபுரங்கள் கழற்றப்பட்டு, இரகசியமாகப் பால்டால் வரை வந்தன. அங்கிருந்து மேலே சென்ற குறுகிய பாதையை டாங்கி செல்லும் வழியாக அகலப்படுத்தியவர்கள் மேஜர் தங்கராஜு தலைமையிலான மெட்ராஸ் சாப்பர்கள். படையில் இவர்களைத் 'தம்பிகள்' என்று அழைப்பது வழக்கம்.

அந்த டாங்கிகள் பெட்ரோலில் ஓடுபவை. இப்போது மாணவரின் கேள்விக்கு வருவோம்.

எரிவது திரவப் பெட்ரோல் அன்று, பெட்ரோலின் ஆவிதான். அதுவும் எந்த அளவிலும் எரிந்துவிடாது. காற்றில் அந்த ஆவி நூற்றுக்குச் சுமார் ஒன்றரைப் பங்கிலிருந்து ஏழரைப் பங்கு வரை இருந்தால்தான் தீப்பற்றும். குறைந்தாலும் பற்றாது, மிகுந்தாலும் பற்றாது. வேலூரில் மார்கழிக் காலையிலும் பெட்ரோல் எளிதில் ஆவியாகிவிடுகிறது. வெப்பநிலை பூஜ்யத்திற்கு வெகுவாகக் கீழே போனாலோ, அதன் சிறு பகுதியே ஆவியாகும். எஞ்சியது துளிகளாக உள்ளே படியும்.

இதை ஈடுகட்டவே கார்புரேட்டரில் 'சோக்' என்னும் அடைப்பான் அமைந்தது. அது காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும். ஆனால் எஞ்சின் உடனே கிளம்பாதபோது ஓட்டுநர் பொறுமை இழக்கிறார். சோக்கை இழுத்தபடியே ஆக்சிலரேட்டரை மீண்டும் மீண்டும் மிதிக்கிறார். திரவப் பெட்ரோல் உள்ளே பாய்ந்து ஸ்பார்க் பிளக்கின் முனைகளை நனைக்கிறது, பொறி வலுவிழக்கிறது. சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலமும் கழுவப்பட்டு, அமுக்கம் குறைகிறது. எரியத்தக்க ஆவிக்குப் பஞ்சம். எரியாத திரவத்திற்கோ வெள்ளம்! மெக்கானிக்குகள் 'ஓவர்ஃப்ளோ' என்பது இதைத்தான்.

உயரமான மலையில் தொல்லை இன்னும் பெருகுகிறது. 3,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரு பங்குதான். சமவெளிக்காகத் திருத்திய கார்புரேட்டர் அங்கே காற்றின் அளவுக்கு மிஞ்சிய பெட்ரோலை ஊற்றும். போதாததற்கு, குளிரில் எஞ்சின் எண்ணெய் பாகுபோல் தடிக்கிறது; சுழற்ற அதிக விசை வேண்டும். அதே வேளையில் பாட்டரியின் திறனோ −18° செல்சியசில் ஏறத்தாழப் பாதியாகிவிடும். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கி, 1912ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் வந்த மின் ஸ்டார்ட்டர், கைப்பிடி சுற்றி மணிக்கட்டை முறித்துக்கொண்ட காலத்துக்கு முடிவு கட்டியது உண்மையே. ஆயினும் அதுவும் பாட்டரியைத்தான் நம்பி நிற்கிறது.

இதற்குப் பரிகாரம் என்ன? ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டுச் சற்றுப் பொறுத்திருப்பது முதற்படி. அடுத்து, சோக்கைத் திறந்து, ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்திப் பிடித்தபடி, இடையில் மிதிக்காமல் எஞ்சினைச் சுழற்ற வேண்டும். உட்புகும் காற்று மிகுதிப் பெட்ரோலை அடித்துச் செல்லும். அப்படியும் கிளம்பாவிட்டால் பிளக்குகளைக் கழற்றித் துடைத்து உலர்த்த வேண்டும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் விமானப் படைகள் மற்றொரு தந்திரமும் கையாண்டன. எஞ்சினை நிறுத்துமுன் எண்ணெயில் சிறிது பெட்ரோலைக் கலந்துவிடுவார்கள். நீர்த்த எண்ணெய் காலையில் இளகியிருக்கும். எஞ்சின் சூடேறியதும் அந்தப் பெட்ரோல் ஆவியாகி நீங்கிவிடும்.

நம் ஆம்பூர், வாணியம்பாடி வாசகர்களுக்கு ஒரு செய்தி. பழைய கார்புரேட்டர்கள் பலவற்றின் ஆக்சிலரேட்டர் பம்பில், சைக்கிள் பம்பில் உள்ளதுபோல், எண்ணெய் ஊறிய தோல் வாஷர் இருந்தது. தோல் உலர்ந்து சுருங்கினால் பம்ப் பெட்ரோலைச் சரியாகத் தள்ளாது. பதனிட்ட தோலுக்கு எண்ணெய்ப்பசை ஏன் வேண்டும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை!

பனிப்பொழிவால் தள்ளிப்போன தாக்குதல் 1948 நவம்பர் 1ஆம் நாள் நடந்தது. அந்த உயரத்தில் டாங்கிகளைப் பகைவர் எதிர்பார்க்கவே இல்லை. திம்மையா முன்னணி டாங்கியிலேயே சென்றார். கணவாய் வசமாயிற்று, அம்மாதம் முடிவதற்குள் திராசும் கர்கிலும் மீட்கப்பட்டு, லேவுக்கு வழி திறந்தது. துணிவு, வழி அமைத்த கைகள் இவற்றோடு, குளிரிலும் நின்றுவிடாத எஞ்சின்களுக்கும் அவ்வெற்றியில் பங்கு உண்டு.

இன்றைய கார்களில் கார்புரேட்டர் இல்லை. வெப்பநிலையையும் காற்றின் அளவையும் உணர்கருவிகள் அறிவிக்க, கணினி அளந்து பெட்ரோலைப் பீச்சுகிறது. பல வண்டிகளில், ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தியபடி ஸ்டார்ட் செய்தால், பெட்ரோல் பீச்சுவதையே அது நிறுத்திவிடும். பழைய ஓட்டுநரின் கைமுறையைக் கணினியும் கற்றுக்கொண்டுவிட்டது.

"அப்படியானால், பெட்ரோல் போதாமல் அன்று, ஆவி போதாமல்தான் எஞ்சின் கிளம்பவில்லை, பெரியப்பாவுக்கு எழுதிவிடுகிறேன் ஐயா" என்றார் மாணவர். செரிக்காத வயிற்றில் மேலும் சோற்றைத் திணிப்பது மருந்தாகாது என்பது நம் வீட்டுப் பாட்டிகள் அறிந்ததுதானே!