காசநோய்: ரவாங் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களின் புரிதல்

காசநோய் காற்றுவழி பரவும் தொற்று. பெரும்பாலும் நுரையீரலைத் தாக்கும். மலேசியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 25,000 பேருக்கு இது கண்டறியப்படுகிறது. வெள்ளீயச் சுரங்கங்களாலும் ரப்பர்த் தோட்டங்களாலும் வளர்ந்த ரவாங்கிலும் கிள்ளான் பள்ளத்தாக்கின் பிற தமிழ்க் குடியிருப்புகளிலும் நோயின் போக்கைக் கிருமியோடு சேர்ந்து வீட்டாரின் அச்சமும் தீர்மானிக்கிறது.

நோய் தெரிந்ததும் தமிழ் வீடுகளில் முதலில் தனியாவது தட்டும் தம்ளரும்தான். பிள்ளைகளைக் கிட்டே விடமாட்டார்கள். அதே வீட்டில், குளிர்காற்று பட்டால் இருமல் கூடும் என்று சன்னலைச் சாத்தியே வைத்திருப்பார்கள். பாத்திரத்தால் இந்நோய் தொற்றுவதில்லை. அடைத்த அறையின் காற்றில் எளிதாகத் தொற்றும். இவ்வளவு கவனமும் தவறான இடத்தில் செலவாவது வேதனைக்குரியது.

பரம்பரை நோய், குடியும் புகையும் கொடுத்த தண்டனை என்ற எண்ணங்களும் உண்டு. குடியும் புகையும் அபாயத்தைக் கூட்டும், உண்மை. ஆனால் கிருமி இல்லாமல் நோய் வராது. பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீடுகளில் இதை மறைப்பதும் நடக்கிறது. 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டப்படி மருத்துவர் இதை அரசுக்கு அறிவிக்க வேண்டும். உடன் வசிப்போரையும் பரிசோதிப்பார்கள். அக்கம்பக்கம் என்ன நினைக்குமோ என்ற கூச்சமே பலர் பரிசோதனைக்கு வருவதைத் தாமதப்படுத்துகிறது.

சிகிச்சை வழக்கமாக 6 மாதம். ரிஃபாம்பிசின் மாத்திரையால் சிறுநீர் செம்மஞ்சளாகும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் இரத்தம் என்று பயந்து மருந்தை நிறுத்துவோர் உண்டு. சில வாரங்களில் இருமல் அடங்கியதும் குணமாகிவிட்டது என்று விடுவது அதைவிட ஆபத்து: மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகும். மாத்திரையைக் கண்ணெதிரே விழுங்கவைக்கும் முறை இதற்காகவே வந்தது. ஆனால் அதற்காகத் தினமும் கிளினிக் போய்விட்டு வேலைக்கும் ஓடுவது கூலித் தொழிலாளிக்குச் சுலபமன்று. பொறுப்பான உறவினர் ஒருவர் மேற்பார்வை செய்வது பெரிய உதவி.

நோயாளியை வீட்டில் வைத்திருக்கலாமா என்ற கேள்விக்குச் சென்னை எப்போதோ விடை தந்துவிட்டது. 1956இல் அங்கு தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் 193 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மற்றவர்களுக்குச் சானடோரியத்திலும் மருந்து கொடுத்து ஒப்பிட்டது. குணமடைவதில் பெரிய வேறுபாடில்லை. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவுமில்லை. 1959இல் வெளியான இம்முடிவு உலகின் காசநோய்ச் சிகிச்சையையே மாற்றியது.

மலேசியாவின் தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1961இல் தொடங்கியது. குடிமக்களுக்கு அரசுக் கிளினிக்குகளில் சிகிச்சை இலவசம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனைக்குப் போங்கள். வீட்டில் சன்னலைத் திறந்து வையுங்கள்.