பெயின்டுக்கு அடியில் உப்பு

1998 கார்த்திகையில் மீஞ்சூரிலிருந்த என் ஷெட்டுக்கு ஒரு வெள்ளை மாருதி 800 திரும்பி வந்தது. ஆடியில் நான் முழு வண்டிக்கும் பெயின்ட் அடித்துக் கொடுத்திருந்தேன். பொன்னேரிப் பக்கம் ஒரு வாத்தியாருடைய வண்டி. டாப்பிலும் பானெட்டிலும் கடுகு கடுகாகக் கொப்புளம். அவர் சண்டை போடவில்லை. "மழை விட்டதும் பார்த்தேன் தம்பி, இப்படி இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார்.

எனக்கு அப்போது முப்பது வயது. புதுப்பேட்டையில் பன்னிரண்டு வருஷம் மேஸ்திரியிடம் வேலை கற்றுக்கொண்டு சொந்தமாக ஷெட் போட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கொப்புளம் என்றால் கம்ப்ரசரில் தண்ணீர் சேர்ந்திருக்கும் என்று எல்லாரும் சொல்வதை நானும் நம்பினேன். கம்ப்ரசர் டேங்கைத் திறந்து வடித்தேன், ஏர் ஃபில்டரை மாற்றினேன், டாப்பையும் பானெட்டையும் தேய்த்து மறுபடி அடித்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. அடுத்த வருஷம் ஐப்பசியில் வண்டி மறுபடி வந்தது. அதே இடங்களில் அதே கடுகு.

மேஸ்திரிக்குச் சொல்லி அனுப்பினேன். புறநகர் ரயிலில் வந்து இறங்கினார். அறுபது வயதைத் தாண்டியவர். வண்டியைச் சுற்றி வந்தார், வெயிலுக்குச் சாய்வாகக் குனிந்து பானெட்டைப் பார்த்தார். "வரிசையைப் பாருடா" என்றார். அதுவரை நான் பார்க்காதது அது. கொப்புளங்கள் சிதறிக் கிடக்கவில்லை. தண்ணீர் வழிந்து இறங்கிய தடம்போலக் கோடு கோடாக இருந்தன. பானெட்டின் விளிம்பில், சொட்டு தேங்கி நிற்கும் இடத்தில், நெருக்கமாக இருந்தன. பிளேடு முனையால் ஒன்றைக் கீறினார். ஊசிமுனை அளவுக்குத் தண்ணீர் எட்டிப் பார்த்தது. நாலைந்தைக் கீறி, விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். பிறகு தேய்க்கும் வேலைக்காக நான் பிடித்து வைத்திருந்த பக்கெட்டில் விரலை நனைத்து அதையும் நாக்கில் வைத்தார்.

"ரெண்டும் ஒரே தண்ணிடா."

இந்தத் தொழிலுக்குள் தண்ணீர் வந்த கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். கார் வந்த புதிதில், குதிரை வண்டிக்கு வார்னிஷ் அடித்த முறையிலேயே காருக்கும் பிரஷ்ஷால் அடித்தார்கள். ஒரு வண்டி காய்ந்து முடிய வாரக்கணக்கில் ஆகும். அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனியின் டூகோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் லெக்கர் 1924 மாடல் ஓக்லண்ட் கார்களில் வந்தபிறகுதான் அது மாறியது. ஸ்ப்ரே கன்னில் அடிக்கலாம், நிமிஷத்தில் காயும். அதற்குச் சற்று முன், 1921இல், 3எம் கம்பெனி தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாளைக் கொண்டுவந்திருந்தது. வாட்டர் பேப்பர் என்று நாங்கள் சொல்வது அதைத்தான். உலர்ந்த தாளில் தேய்த்தால் பெயின்ட் தூசி பறக்கும். அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருந்தது, தேய்க்கிறவன் நெஞ்சுக்குள் அது போகும். தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் தூசி அடங்கும். ஆக, பெயின்டர் கையில் தண்ணீர் பக்கெட் வந்ததற்கு அவனுடைய நெஞ்சைக் காப்பாற்றுவதும் ஒரு காரணம்.

டூகோ என்ற பெயர் நம் ஊரில் அந்த வகைப் பெயின்டுக்கே பெயராகிவிட்டது. என் மேஸ்திரி 1950களின் கடைசியில் வேலைக்குச் சேர்ந்தவர். அம்பாசடர், ஃபியட், நம் பெருங்களத்தூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு எல்லாவற்றுக்கும் டூகோதான். என்.சி. பட்டி இழுத்து, வாட்டர் பேப்பரில் தேய்த்து, மெல்லிசாகப் பல கோட் அடித்து, கடைசியில் காம்பவுண்டு போட்டுக் கையாலேயே பாலிஷ் ஏற்றுவார்கள். பக்கெட்டில் இருந்தது புழல் ஏரியிலிருந்து வந்த கார்ப்பரேஷன் தண்ணீர். குடிக்கிற தண்ணீரிலேயேதான் வண்டியையும் தேய்த்தார்கள். அந்த வேலைமுறையை அப்படியே கற்றுக்கொண்டு நான் மீஞ்சூருக்கு வந்தேன். கையும் தாளும் பட்டியும் மாறவில்லை, பக்கெட்டில் இருந்த தண்ணீர்தான் மாறியிருந்தது. அது எனக்கு உறைக்கவில்லை.

மீஞ்சூர் தண்ணீர் ஒரு காலத்தில் பேர்போனது. கொசஸ்தலையாறும் ஆரணியாறும் கொண்டுவந்து போட்ட மணலுக்கு அடியில் நல்ல ஊற்று. 1960களில் ஐ.நா. வளர்ச்சித் திட்ட உதவியோடு இந்தப் பகுதியை ஆராய்ந்து மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் ஆழ்துளைக் கிணறுகள் போட்டார்கள். சென்னைக்கும் மணலியிலுள்ள ஆலைகளுக்கும் தண்ணீர் போனது. விவசாயத்துக்கும் இறைத்தார்கள். ஊற்று இறங்க இறங்கக் கடல் உள்ளே வந்தது. 1969இல் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரை இருந்த உப்பு 1983இல் சுமார் 7 கிலோமீட்டர் வந்துவிட்டது. நெல் போட்ட வயல்களில் கிணறு கரித்தது. வயலை விட்டவர்கள் எத்தனையோ பேர். என் பக்கத்து நிலத்துக்காரர் ஒருவர் அப்படி விட்டவர்தான். நான் போர் போட்டபோது வேலி ஓரம் நின்று பார்த்துவிட்டு, "குடிக்காதப்பா, கழுவ மட்டும் வச்சுக்கோ" என்றார். கழுவத்தான் வைத்துக்கொண்டேன்.

இப்போது கொப்புளத்துக்கு வருகிறேன். பட்டியைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துவிட்டு வண்டியை வெயிலில் விடுவோம். தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு காயாது. சொட்டு நின்ற இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வட்டமாகத் தங்கும். அதன்மேல் பிரைமரும் பெயின்டும் ஏறிவிடும். பெயின்ட் தண்ணீரே புகாத தகடு இல்லை, மிக மெதுவாகத் தண்ணீரை உள்ளே விடும். மேலே மழைத் தண்ணீர், கீழே உப்பு. பாயசத்தில் போட்ட உலர்ந்த திராட்சை எப்படி உப்புகிறதோ அப்படி, நல்ல தண்ணீர் உப்பைத் தேடி உள்ளே இறங்கும். இறங்கிய தண்ணீர் பெயின்டை மேலே தூக்கும். அதனால்தான் கோடையில் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு ஐப்பசி கார்த்திகையில் கிளம்புகிறது. எல்லாரும் மழையைத் திட்டுவார்கள். உப்புத் தண்ணீரில் ஊறுவதைவிட நல்ல தண்ணீரில் ஊறும்போதுதான் இந்தக் கொப்புளம் வேகமாக வளரும் என்பது பின்னாளில் நான் தெரிந்துகொண்டது. முதலில் நம்பவே முடியவில்லை.

டூகோ காலத்தில் இந்த உப்பு ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் நான் அந்த மாருதிக்கு அடித்தது பி.யூ. பெயின்ட், ஹார்டனர் கலந்து அடிப்பது. தடித்த, கண்ணாடி மாதிரியான தோல். அடியில் ஒரு மணி உப்பு தூக்கினாலும் மேலே பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். இந்தப் பகுதியில் டூகோவிலிருந்து பி.யூ.வுக்கு மாறுகிற காலம் அது. அதே 1998இல்தான் திருவள்ளூர் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் மிட்சுபிஷி லான்சர் தயாராகி வெளியே வந்தது. அந்தப் பளபளப்பைப் பார்த்த பிறகு யாரும் டூகோ கேட்கவில்லை. கார் ஆலை ஒன்றின் பெயின்ட் ஷாப்பில் வேலை பார்த்த ஒருவர் என்னிடம் சொன்னார்: "பாடியைக் கடைசியா டி.எம். வாட்டர்லதாண்ணே அலசுவோம், உப்பே இருக்காது." மேஸ்திரி நாக்கில் கண்டுபிடித்ததை ஆலைக்காரர்கள் எப்போதோ முறையாக்கி வைத்திருந்தார்கள். அது எங்கள் ஷெட்டுகளுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். லான்சர் தயாரான திருவள்ளூர் ஆலை வளாகத்தில் பிற்பாடு இசுஸு ஓடியது, இப்போது சிட்ரோயன் ஓடுகிறது. எல்லாமே மறு பெயின்டுக்கு என்றைக்காவது எங்களைப் போன்றவர்களிடம்தான் வரும்.

எல்லாக் கொப்புளமும் உப்புக் கொப்புளம் இல்லை. 2003இல் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஜி.என்.டி. சாலைக்கு ஷெட்டை மாற்றிய பிறகு அதைத் தினமும் பார்க்கிறேன். கதவின் அடி விளிம்பு, வீல் வளைவு, டிக்கி ஓரம் இங்கெல்லாம் உப்பினால் கீறிப் பாருங்கள். பழுப்பாகப் பொடி கொட்டினால் அது துரு, தகட்டின் உள்பக்கத்திலிருந்து வருகிறது. வடிகால் ஓட்டை அடைத்திருக்கும். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைத் துணியில் சுற்றித் தடவினால் பட்டி கனமாக இருக்கும் இடத்தில் காந்தம் பிடிக்காது. யாரோ ஓட்டையைப் பட்டியால் மூடிவிட்டார்கள் என்று அர்த்தம். அதற்குப் பெயின்டர் வேலை போதாது, தகட்டை வெட்டி ஒட்ட வேண்டும். அடித்த அன்றைக்கே ஊசி குத்திய மாதிரித் துளை விட்டால் தின்னர் வெளியே போக வழியில்லாமல் கனமாக அடித்துவிட்டார்கள் என்று பொருள். ஈரக்காற்றில் அடித்தால் ஹார்டனர் தண்ணீரோடு சேர்ந்து வாயு விடும், அதுவும் துளைதான். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலைகள் நிறைய. வெள்ளை வண்டிகளின்மேல் ஆரஞ்சுப் புள்ளி புள்ளியாக வருவது காற்றில் வந்து படிந்த இரும்புத் தூள். அது மேலே இருக்கிறது, அடியில் இல்லை. வண்டிக்கென்றே விற்கும் கிளே பார் போட்டுத் தேய்த்தால் போய்விடும். அதற்காக முழுப் பெயின்ட் அடிக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

உப்புக் கொப்புளத்துக்கு மருந்து ஒன்றுதான். கொப்புளத்தை மட்டும் தேய்த்து மூடுவது வீண், நான் அந்த மாருதிக்கு முதலில் செய்த தப்பு அதுதான். தெரியாமல் மறுபடியும் அதே தண்ணீரில் தேய்த்து உப்பைப் புதுப்பித்துக் கொடுத்தேன். கொப்புளத்தைச் சுற்றி ஒரு சாண் தள்ளித் தகடு தெரியும்வரை எடுக்க வேண்டும். நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவி, தானாகக் காயவிடாமல் சுத்தமான துணியில் துடைக்க வேண்டும். காற்றடித்து, வெயிலில் தகடு சூடேறிய பிறகு அன்றைக்கே எபாக்ஸி பிரைமர். வெறும் கை தகட்டில் படக்கூடாது, வியர்வையும் உப்புத்தான். பட்டியை உலர் தாளில் தேய்க்கிறோம். பையன்கள் எல்லாருக்கும் மாஸ்க் கட்டாயம், இல்லையென்றால் 1921க்கு முந்தைய நெஞ்சு நோய்க்கே திரும்பிவிடுவோம். கடைசி வாட்டர் பேப்பருக்கு மட்டும் கேன் தண்ணீர். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று சட்டைப் பையில் இருக்கிறது. மீஞ்சூர் போர் தண்ணீரை ஒருமுறை எடுத்துவந்து வைத்தபோது 2000ஐத் தாண்டியது. குடிநீருக்கு 500க்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம்.

வாத்தியார் வண்டியை 2000 பங்குனியில் அப்படித்தான் செய்தேன். மேஸ்திரி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். கேன் தண்ணீர் வாங்கக் காசு செலவாகிறதே என்று நான் முனகியதற்கு, "தண்ணிக்கு விலை வச்சது நீயா?" என்று கேட்டார். வாத்தியார் 2009இல் விற்கும்வரை டாப் சுத்தமாக இருந்தது. மறு வருஷம் மீஞ்சூருக்குப் பக்கத்தில் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறந்தது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர், சென்னைக்கு.

உங்கள் வண்டியைப் பெயின்டுக்கு விடும்போது ஷெட்டில் இருக்கிற பக்கெட்டைப் பாருங்கள். எந்தத் தண்ணீர் என்று கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் விரலை நனைத்து நாக்கில் வையுங்கள். கரித்தால் ஒரு கேன் நல்ல தண்ணீர் நீங்களே வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.